ஊறல் ஜாடியும் உடைமரத்துக் கூட்டுக் குடும்பமும்

பட்டாசு செய்கிற ஊருக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு போன மனிதன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அது போதாதென்று, மதுவிலக்கு கடுமையாக இருந்த அந்த நாளில் கையில் சாராயத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு ஜாடி ஊறலும் எடுத்துப் போனேன். இரண்டையும் யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே யோசித்து, நானே மூட்டை கட்டி, நானே சுமந்தேன். முட்டாள்தனம் செய்வதில் நான் என்றுமே பிறர் உதவியை நாடியதில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. சென்னையில் எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி, சிலந்தி இவற்றைப் பார்க்கிற சங்கம். பார்க்கிற என்றால் வெறுமனே பார்க்கிற. அந்தப் படிப்புப் படித்தவர் எங்களில் ஒருவரும் கிடையாது. தலைவர் ஓய்வு பெற்ற சப்-ஜட்ஜ். மயிலாப்பூரில் அவர் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். உறுப்பினர் நாலு பேர், வலை ஒன்று. இந்த வாரம் வலை யாருக்கு என்பதிலேயே கூட்டத்தில் பாதி நேரம் போய்விடும். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எனக்குப் பட்டாம்பூச்சியும் ஒன்றுதான், காற்றில் பறக்கிற பஸ் டிக்கெட்டும் ஒன்றுதான். அந்துப்பூச்சிப் பிரிவை என்னிடம் விட்டிருந்தார்கள். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

வெளியூரிலிருந்து எங்களுக்கு எழுதுகிற ஒரே ஆத்மா, விருதுநகரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த தேவசகாயம் சார். அவர் ஒருமுறை எழுதியிருந்தார்: எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியை ஒட்டிய முள்காட்டில், ஓர் உடைமரத்தில், நூற்றுக்கணக்கான சிலந்திகள் ஒரே கூட்டில் குடியிருக்கின்றன. சேர்ந்து வலை பின்னுகின்றன, சேர்ந்து வேட்டையாடுகின்றன, சேர்ந்து சாப்பிடுகின்றன. எங்கள் தலைவர் அதற்குத் தீர்ப்பு எழுதுகிற தோரணையில் பதில் போட்டார்: 'சிலந்தி சிலந்தியைத் தின்னும். கூடி வாழாது. தாங்கள் கண்டது புழுக்கூடாக இருக்கலாம். வெயிலில் தொப்பி அணியவும்.'

தேவசகாயம் சாருக்கு அந்தத் தொப்பிதான் தைத்துவிட்டது. 'ஒருவரை அனுப்பிப் பாருங்கள். அதற்குப் பிறகும் சங்கம் நம்பவில்லை என்றால், இனிமேல் பூச்சியைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன்' என்று எழுதிவிட்டார். வாரம் தவறாமல் பொடிப்பொடி எழுத்தில் கார்டு நிரப்பி அனுப்புகிறவர். நாலு பேர் சங்கத்தில் ஐந்தாவது ஆளாக எங்களை உயிரோடு வைத்திருந்ததே அந்தக் கார்டுகள்தான். அந்த மனிதரின் பேனாவைக் காப்பாற்ற ஒரு சாட்சி தேவைப்பட்டது. ஆபீசில் லீவு மிச்சம் இருந்தவன் நான் மட்டும்தான். கண் சரியாகத் தெரியாதவனைக் கண்கண்ட சாட்சியாக அனுப்பியது எங்கள் சங்கத்தின் சாதனைகளில் ஒன்று.

விருதுநகர் ஸ்டேஷனில் காலையில் இறங்கியபோது நான் பாதி மனிதன், பாதி கரி. ஜன்னலோரம் உட்கார்ந்ததன் பலன். பிளாட்பாரத்தில் ஒல்லியாக, உயரமாக, கக்கத்தில் குடையுடன் ஒருவர் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்குமுன் மூட்டையைப் பார்த்தார்.

"சார்தானே சங்கத்துலருந்து வந்திருக்கது? இது என்ன சார், விளக்கு?"

வெள்ளைத் துணியைக் கட்டி அதன் முன்னால் விளக்கை வைத்தால் அந்துப்பூச்சி வந்து துணியில் உட்காரும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல யோசனைதான். ஆனா நாம போறது பட்டாசுக் கம்பெனி. அங்கன ஒரு தீப்பெட்டிக்கே வாசல்ல நிறுத்தி மடியத் தடவித்தான் உள்ள விடுவாக. நீங்க சூரியனையே தூக்கிட்டு வந்திருக்கீக."

தேவசகாயம் சார் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம். மனைவி ரெபேக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெரு முழுக்க அவருக்கு நர்ஸம்மா என்றுதான் பேர். நான் வாசல் ஏறியதும் விளக்கைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு என் துணிப்பையைப் பார்த்தார்.

"அதுல என்ன வச்சிருக்கீக?"

ஊறுகாய் ஜாடியைக் காட்டினேன். உள்ளே கருப்பட்டியும் அழுகிய வாழைப்பழமும். இதை மரத்தில் தடவினால் அந்துப்பூச்சி தேடி வரும் என்று ஓர் இங்கிலீஷ் புத்தகத்தில் படித்திருந்தேன். கொஞ்சம் ரம் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். மதுவிலக்கு ராஜ்யத்தில் ரம்முக்கு எங்கே போக? தானாகவே புளிக்கட்டும் என்று தக்கையை அடித்து வெயிலில் வைத்திருந்தேன். ரயில் பயணத்தில் அது நன்றாகவே தேறியிருந்தது.

"இதைத் தடவினா அந்து மட்டுமா வரும்? போலீசும்லா வரும்" என்றார் நர்ஸம்மா. "இந்த ஜாடி வீட்டைத் தாண்டக் கூடாது. சொல்லிட்டேன்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

அன்று சாயங்காலம் தேவசகாயம் சார் என்னைச் சூலக்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். இன்று அங்கே கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, மனு கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நிற்கிறார்கள். அன்று கரிசல் காடும் ஓணானும்தான். வலை கிலை ஒன்றும் அவர் வைத்துக்கொள்வதில்லை. குடைதான் அவருடைய ஆயுதம். செடிக்கு அடியில் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக் கிளையை ஓர் உலுக்கு உலுக்குவார். உதிர்ந்ததையெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொட்டிவிடுவார். அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் கேட்டார்: "என்ன வாத்தியாரய்யா, இன்னைக்கு குடையில எம்புட்டு மழை?"

"தூறல்தான்" என்றார் இவர், தலை நிமிராமல்.

ஆடுதீண்டாப்பாளை தரையோடு படர்ந்து கிடந்தது. பேருக்கேற்ப அந்த ஆடுகள் அதைத் தாண்டிப் போயின. அதன் மேல் கறுத்த செட்டையும் சிவந்த உடம்புமாக ஒரு பட்டாம்பூச்சி, வேலையே இல்லாதது போல மிதந்துகொண்டிருந்தது.

"உடம்பெல்லாம் வெசம் சார் இதுக்கு. ஓணான்கூடத் தொடாது. அந்தத் தைரியத்துலதான் இம்புட்டு மெதுவாப் பறக்குது, பாக்கியெல்லாம் வசூலான மொதலாளி மாதிரி" என்றார்.

சென்னையில் நாங்கள் பூச்சியைத் துரத்துவோம், அது ஓடும், வலை கிழியும். இவர் பூச்சி இருக்கிற இடத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, அது தன் பாட்டுக்கு இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன், நெருஞ்சி முள்ளின் மேல். அந்தச் சாயங்கால வெயில், சூடு ஆறுகிற கரிசல் மண்ணின் வாசனை, எழுந்திருக்க மனமில்லாமல் அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, நெருஞ்சி முள் உள்பட எல்லாம் இன்றைக்கும் எனக்கு அப்படியே இருக்கிறது.

திரும்பும் வழியில் பஜாரில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பரோட்டா துவண்டு கிடக்கும். இங்கே எண்ணெயில் போட்டுப் பொரித்தெடுத்து முறுகலாக வைக்கிறார்கள். நான் அதை அப்பளம் போலக் கையில் எடுத்துக் கடித்தேன். கடைக்காரர் அடுப்பை விட்டு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, பல்லு போயிரும். நொறுக்கிப் போட்டு, சால்னாவ ஊத்தி, செத்த நேரம் சும்மா இருங்க. அது தானா வழிக்கு வரும்."

வந்தது. பிறகு நான் வழிக்கு வரவில்லை. தேவசகாயம் சார் கையைப் பிடித்து எழுப்பும் வரை சாப்பிட்டேன். போதாக்குறைக்குச் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் வாங்கி, வீடு போய்ச் சேருமுன் காலி செய்தேன்.

வீட்டில் மாரியப்பன் காத்திருந்தான். சாரிடம் படித்தவன், எம். புதுப்பட்டிக் கம்பெனியில் போர்மேன். சைக்கிளிலேயே வந்திருந்தான்.

"சார், நாளைக்கு முள்ளு வெட்டுறாக. இன்ஸ்பெக்‌ஷன் வருது. ஷெட்டைச் சுத்தி ஒரு காஞ்ச சுள்ளி இருக்கப்படாது."

சாரின் முகம் மாறியது. "நம்ம மரம்?"

"அதுவுந்தான் சார். நான் சொல்லிப் பாத்தேன். எட்டுக்கால் பூச்சிக்காவ லைசென்ஸை விட முடியுமான்னு மொதலாளி கேக்காரு. நியாயந்தான? மத்தியானத்துக்குள்ள வெட்டி முடிச்சிருவாக. வெள்ளென வந்துருங்க."

அவன் போன பிறகு சார் குடையை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அந்த வட்டாரத்தில் வேறு உடைமரங்களிலும் தேடியிருக்கிறாராம்; இந்தக் கூடு ஒன்றுதான் அவர் கண்ணில் பட்டது. "ஒரு விஷயம் இன்னும் எனக்குப் பிடிபடலை சார்" என்றார் கடைசியில். "குஞ்சு பொரிச்ச பொறவு தாய்க்காரிக கொறஞ்சுக்கிட்டே வருது. போற வாரம் பாத்தது இந்த வாரம் இல்லை. எங்க போகுதுன்னு தெரியலை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பஸ் பிடிச்சுப் போய்ப் பாத்தா எப்படித் தெரியும்? கூட்டை வீட்டுக்குக் கொண்டாந்து வச்சிருந்தா..."

"வீட்டுக்குள்ள எட்டுக்கால் வந்துச்சுன்னா ரெண்டு கால் வெளிய போயிரும்" என்று அடுக்களையிலிருந்து நர்ஸம்மாவின் குரல் வந்தது.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். ஒரு நல்ல மனிதனாக இருந்தால் ஜாடியை வைத்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் சிவகாசி ரோட்டில் வரிசையாகப் புளியமரம் உண்டு என்று சார் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவ்வளவு மரத்தை வெறும் கையோடு கடந்து போவதா? வெள்ளைத் துணியில் ஜாடியைச் சுற்றிப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். சார் ஜன்னலோரம், என் சதி தெரியாமல்.

ரோடு மோசம். வெயில் ஏறியது. ஒவ்வொரு குழியிலும் ஜாடிக்குள் ஏதோ பெருமூச்சு விட்டது. ஒரு பெரிய குழியில் பஸ் இறங்கி ஏறியபோது, 'டப்' என்று வெடித்தது.

வேறு ஊர் பஸ்ஸாக இருந்தால் டயர் என்று நினைத்திருப்பார்கள். இது சிவகாசி பஸ். சத்தம் கேட்ட மறுகணம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எல்லாரும் நின்றார்கள், நின்றவர்கள் படிக்கட்டில் இருந்தார்கள், டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டில் இருந்தார். "எவம்லே திரியக் கொண்டாந்தது?" என்று யாரோ கத்தினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். என் முகத்திலிருந்து கருப்பட்டிப் பாகு வடிந்துகொண்டிருந்தது. தக்கை கூரையில் பட்டு ஒரு பெரியவரின் மடியில் விழுந்திருந்தது.

பிறகு வாசனை கிளம்பியது. பயம் போய் எல்லார் முகத்திலும் ஒரு மலர்ச்சி வந்தது. தக்கை மடியில் விழுந்த பெரியவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் தெலுங்கில் சொன்னார். நான் சென்னைக்காரன், எனக்குப் புரியும். "பாவம், பார்த்தால் நல்ல வீட்டுப் பிள்ளையாக இருக்கிறான். ஆனால் சரக்கு நல்ல சரக்கு."

கண்டக்டர் வந்தார். பையைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன்யா, கண்ணாடியெல்லாம் போட்டுக்கிட்டு, என் பஸ்லயா ஊறலக் கடத்துதீரு?"

அடுத்த ஊரில் போலீஸ் நிலையத்து வாசலிலேயே பஸ் நின்றது. என்னை இறக்கினார்கள். கூட வந்த பாவத்துக்குத் தேவசகாயம் சாரையும் இறக்கினார்கள்.

ஏட்டையா பெரிய மீசைக்காரர். "வாத்தியாரே ஊறல் போட்டா, பிள்ளைக சாராயந்தானே காய்ச்சும்?" என்று சாரிடம் வருத்தப்பட்டார். சார் சர்ச் கமிட்டியில் இருக்கிறவர், பாவம், ஒரு சொட்டு அறியாதவர். வேறு யாராக இருந்தாலும் மானம் போச்சே என்று துடித்திருப்பார். அவர் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டையா, என்னை உள்ள வச்சாலும் சரி. சாயங்காலமா வந்து இருந்துக்கிடுதேன். இப்ப எங்களை விட்டுருங்க. அங்கன மரத்தை வெட்டிருவாக."

"என்ன மரம்?"

"சிலந்தி இருக்கிற மரம்."

ஏட்டையா என் பக்கம் திரும்பினார். "இது பூச்சிக்குன்னு நீரு சொல்லுதீரு. அவரு சிலந்திங்காரு. ரெண்டு பேருல யாரு குடிச்சிருக்கது?"

நான் புத்தகத்தில் இருந்ததை எல்லாம் ஒப்பித்தேன். அவர் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, நிலையத்து வாசல்லயே புளியமரம் நிக்கி. தடவும். பூச்சி வந்தா விடுதேன். வராட்டி கேஸு" என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு பக்தியோடு நான் எதையும் தடவியதில்லை. மரத்தடியில் நானும் சாரும் ஏட்டையாவும் இரண்டு கான்ஸ்டபிள்களும் குத்தவைத்து உட்கார்ந்தோம். முதலில் ஈ வந்தது. "ஈ பூச்சில சேராது" என்றார் ஏட்டையா. எறும்பு வந்தது; அதையும் சேர்க்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. சார் நிலையத்துக்குள் இருந்த கடிகாரத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது உச்சிக் கிளையிலிருந்து ஒன்று சரேலென்று இறங்கியது. கறுத்த செட்டை, நடுவில் வெளிர்மஞ்சள் பட்டை, பின்னால் இரண்டு குட்டி வால். புளிய இலை தின்று வளர்கிற ஜாதி. புத்தகத்தில் கறுப்பு ராஜா என்று போட்டிருக்கும். ராஜா நேராகப் பாகில் போய் உட்கார்ந்தார். குடித்தார். நிதானமாகக் குடித்தார். பறக்கப் பார்த்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஏட்டையாவின் பூட்ஸ் மேல் விழுந்தார்.

கான்ஸ்டபிள்கள் சிரித்த சிரிப்பில் நிலையத்துக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டரே எட்டிப் பார்த்தார். ஏட்டையா காலை அசைக்காமல், "போங்கய்யா. கேஸு போடணும்னா இவம் மேலதான் போடணும்" என்றார். ஜாடியில் மிச்சம் இருந்ததை என் கண் முன்னாலேயே புளியமரத்து வேரில் கவிழ்த்தார்கள். காலி ஜாடி நிலையத்திலேயே தங்கிவிட்டது. துணி மட்டும், குழாயடியில் வாசனை போக அலசிய பிறகு, கிடைத்தது.

என் பூச்சிக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. சாருடைய பூச்சிக்கு நேரம் போய்விட்டது.

அடுத்த பஸ் பிடித்து, சிவகாசியில் மாறி, எம். புதுப்பட்டியில் இறங்கி ஓடினோம். வழியெல்லாம் தீப்பெட்டிக் குச்சிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கம்பெனி வாசலில் ஆட்கள் சாப்பாட்டுக்கு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முழங்கை வரை வெள்ளிப் பொடி. அந்துப்பூச்சியைத் தொட்டுவிட்டால் விரலில் அப்படித்தான் ஒட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் தரை மொட்டையாக இருந்தது. மாரியப்பன் எங்களைக் கண்டதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"வெள்ளென வாங்கன்னேனே சார். வெட்டி, வண்டியில ஏத்தி, வெறகுக்குப் போயிருச்சு."

சார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். "எந்தப் பக்கம்லே போச்சு வண்டி?" என்று மட்டும் கேட்டார்.

மாரியப்பன் தன் சைக்கிளைக் கொடுத்தான். சார் மிதித்தார். நான் பின்னால் கேரியரில், ஒரு கையில் குடை, ஒரு கையில் துணி, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல். நேற்றைய பரோட்டா முழுவதும் என்னோடு கேரியரில் இருந்தது. சார் மூச்சு வாங்கியதைக் கேட்டபோது ஒவ்வொன்றுக்காகவும் வருந்தினேன். ஓரிடத்தில் காற்று குடைக்குள் புகுந்து இருவரையும் பருத்திக் காட்டுக்குள் கொண்டுபோய் இறக்கியது. சார் எழுந்து, வேட்டியைத் தட்டி, மறுபடி மிதித்தார்.

மாட்டு வண்டி மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முள் மலைபோல ஏறியிருந்தது, வண்டிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். மாடுகள் எங்களைக் கண்டு தாமாகவே நின்றன.

சார் முள்ளைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். நின்றார். என் கையைப் பிடித்து இழுத்தார்.

அழுக்குப் பஞ்சை உருட்டிச் செருகியது மாதிரி, முள்ளுக்குள் கூடு இருந்தது. தேன்கூடு போல உடம்பெல்லாம் பொந்து. அதிலிருந்து புது நூல்கள் வண்டியின் ஓரத்தில் நட்டிருந்த முளைக்குச்சிக்கு ஓடின. வீட்டை வெட்டி, புரட்டி, வண்டியில் ஏற்றி ஒரு பொழுது முடியவில்லை. அதற்குள் அந்தச் சிலந்திக் குடும்பத்தார் வண்டியைத் தங்கள் வீட்டோடு சேர்த்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"கண்ணாடியத் தொடைச்சுப் போட்டுக்கிடுங்க சார்" என்றார்.

துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவர் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து நூலின் மேல் விட்டார். அது துள்ளியது. கூடு நடுங்கியது. ஒரு பொந்திலிருந்து ஒரு சிலந்தி வந்தது. சின்னது, சாம்பல் நிறம், வெல்வெட்டுத் துணி மாதிரி. இன்னொரு பொந்திலிருந்து இன்னொன்று. பிறகு எல்லாப் பொந்திலிருந்தும். ஒன்றை ஒன்று தள்ளவில்லை, கடிக்கவில்லை. ஆளுக்கொரு காலைப் பிடித்தன. ஒன்று இழுத்து நிற்க அடுத்தது இழுத்து, தேரை நிலைக்குக் கொண்டுவருகிற மாதிரி, அந்த வெட்டுக்கிளியைக் கூட்டின் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தன.

என் அப்பா வீட்டில் நாங்கள் அண்ணன் தம்பி ஐந்து பேர். ஒரு தீபாவளிக்குக்கூட அப்படி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். ஜோக் ஒன்றும் வரவில்லை. சார் கூட்டைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுதா சார்?" என்று கேட்டார், சின்னப்பிள்ளை மாதிரி. தெரிகிறது என்றேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

விழித்துக்கொண்ட வண்டிக்காரர், "இந்தச் சனியனையா தேடி வந்தீக? எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போவும்" என்று தன் அரிவாளாலேயே கிளையை வெட்டிக் கொடுத்தார். என் அந்துத் துணியில் பதமாகச் சுற்றினோம். இந்த ஊருக்கு நான் சுமந்து வந்ததில் உபயோகப்பட்ட ஒரே பொருள் அந்தத் துணி.

திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். என்னைக் கண்டதும் படியை மறித்துக்கொண்டார்.

"மூட்டையில என்ன?"

நான் துணி என்று சொல்ல வாயெடுத்தேன். தேவசகாயம் சாருக்குப் பொய் வராது. "எட்டுக்கால் பூச்சி" என்றார்.

"எம்புட்டு?"

"எண்ணலை."

கண்டக்டர் குனிந்து மூட்டையை முகர்ந்து பார்த்தார். "ஊறல் இல்லைல்லா? ஏறுங்க."

வீட்டில் நர்ஸம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். மூட்டையைப் பார்த்தார். என் சட்டையில் காய்ந்திருந்த பாகைப் பார்த்தார். போலீஸ் நிலையச் செய்தி எங்களுக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்து சேர்ந்திருந்தது. கணவர் மெதுவாக, "வெட்டிட்டாக ரெபேக்கா. இதுக்கு வேற எடமில்லை" என்றார்.

நர்ஸம்மா வெகு நேரம் யோசித்தார். "இது குடிக்காதுல்லா?" என்று கேட்டார்.

"குடிக்காது. ஈயைப் பிடிக்கும்."

"அப்ப உங்க சிநேகிதருக்கு இது எம்புட்டோ தேவலை. அடுக்களை சன்னலுக்கு வெளிய முருங்கை இருக்குல்லா, அங்கன கட்டுங்க. உள்ள ஒண்ணு வந்துச்சு, பாத்துக்கிடுங்க."

மறுநாள் நான் ரயில் ஏறும்வரை சார் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார், இட்லி காய்ந்தது. நர்ஸம்மா எனக்குச் சேவும் விளக்கும் கொடுத்தனுப்பினார். ஜாடியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் மாடியில் சங்கம் கூடியது. நேராகச் சிலந்திக் கதையைச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் நாலு பேர் முன்னால் நிற்க வைத்தால் எனக்குச் சிரிக்க வைக்காமல் இருக்க முடியாது. முதலில் ஜாடிக் கதையை எடுத்தேன். பஸ், தக்கை, தெலுங்குப் பெரியவர், ஏட்டையாவின் பூட்ஸ் மேல் விழுந்த ராஜா. விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவருக்குப் புரையேறியது. அந்தச் சூட்டோடு சிலந்திக் கதையைத் தொடங்கினேன். நூற்றுக்கணக்கில் வந்தன, தேர் இழுத்தன, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டன என்றேன். முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

"இல்லை சார், இது நிஜம்" என்றேன்.

"நிஜம்தான்" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜாடியில் மிச்சத்தை யார் குடித்தது என்றுதான் தெரியவில்லை."

சத்தியம் பண்ணிப் பார்த்தேன். கோபித்துப் பார்த்தேன். ஊறலோடு பிடிபட்டவன் சாட்சி செல்லாது என்று சப்-ஜட்ஜ் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து விருதுநகருக்கு ஒரு கார்டு எழுதினேன். 'பார்த்ததைச் சொன்னேன். நம்பவில்லை. தப்பு சிலந்தியின் மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை. ஜாடியின் மேல், என் வாயின் மேல்.' அன்றைக்கே தபாலில் போட்டேன்.

அந்த வாரம் அவரிடமிருந்து கார்டு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஆபீசுக்குப் போகுமுன் தபால்காரரை வழிமறிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவர் சொன்ன சொல் மாறாதவர். ஒரு வரிகூட இனி எழுதமாட்டார். அந்தப் பொடிப்பொடி எழுத்தைச் சாகடித்தவன் நான்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். அந்துப்பூச்சிப் பிரிவை ராஜினாமா செய்வதாகச் சொன்னேன். சங்கத்தில் யாரும் தடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் கார்டு வந்தது. வழக்கமாக ஓரம்வரை நிரம்பியிருக்கும் கார்டில் ஏகப்பட்ட வெற்றிடம். மன்னிப்பு இல்லை, கோபம் இல்லை, சங்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, சௌக்கியமா என்றுகூட இல்லை. அதே பொடி எழுத்தில் நடுவில் ஒரே ஒரு வரி:

'குஞ்சுகள்தான் தாயைத் தின்கின்றன; இன்று காலை ஜன்னல் வழியே பார்த்தேன்.'